குறடு, வெட்டிரும்பு, சுத்தியல்: காயலான் கடை இரும்பில் எதை எதில் அடிப்பது?

கேள்வி: வீட்டுப் பின்புறம் சின்ன உலை போட்டிருக்கிறேன். கருவிகளைக் காசு கொடுத்து வாங்காமல் பழைய இரும்பில் நானே அடிக்கலாம் என்று நினைக்கிறேன். எல்லாவற்றுக்கும் லாரிப் பட்டையே (லாரியின் அடியில் இருக்கும் வில் பட்டை) போதும் என்கிறார்கள், சரியா?

பதில்: அடிக்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் பட்டை போதாது. அரிவாளுக்குப் பட்டை அருமையாக அமைவதால் வந்த நம்பிக்கை இது. இரும்பு எவ்வளவு கெட்டி என்று பார்ப்பதைவிட, அந்தக் கருவி வேலையின்போது எவ்வளவு சூடேறும், எப்படிக் குளிரும் என்று பாருங்கள்.

குறட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க அதன் வாய் சிவந்து, தண்ணீர்த் தொட்டியில் முங்கி எழும். பட்டை எஃகில் கார்பன் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம். சிவந்த நிலையில் தண்ணீரைத் தொட்டால் இறுகி நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். பிறகு ஒருநாள் இறுக்கிப் பிடிக்கையில் வாய் ஒடிந்து, சிவந்த இரும்பு காலடியில் விழும். குறட்டுக்குச் சாதாரண எம்.எஸ். (கார்பன் குறைந்த மெல்லிரும்பு) ராடுதான் சரி. கட்டடத்தில் மிஞ்சும் 16 மி.மீ. முறுக்குக் கம்பியும் போதும். அதன் மேல்தோலில் இருக்கும் கடினம் ஒரு சூட்டிலேயே போய்விடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ரிவெட் அடித்ததும் மூட்டு இறுகி நிற்கும். மூட்டை மட்டும் சிவக்கக் காய்ச்சி, ஆறும்வரை திறந்து மூடிக்கொண்டே இருங்கள், இளகிவிடும்.

வெட்டிரும்புக்கும் (உளிபோல் இரும்பை வெட்டுவது) தமருக்கும் (துளை போடுவது)தான் வில் எஃகு. பட்டையை நீளவாக்கில் கீறி எடுப்பதைவிட வண்டியின் சுருள் வில் வசதி, ஏற்கெனவே உருண்டைக் கம்பியாக இருக்கிறது. 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு சுற்றை நிமிர்த்தினால் சுமார் 31 செ.மீ. வரும், அதில் இரண்டு வெட்டிரும்பு. கம்பி 14, 16 மி.மீ. தடிமன் இருந்தால் நல்லது. ஷாக் அப்சார்பரோடு சேர்ந்திருந்தால் வில்லைப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரியுங்கள். அமுங்கிய வில்லை கிரைண்டரால் அறுக்கவே கூடாது. மூடிய ஷாக் அப்சார்பரை நெருப்பில் வைத்தால் வெடிக்கும்.

கையிலிருப்பது உண்மையில் எஃகுதானா என்பதற்கு கிரைண்டர் பொறி ஒரு குறிப்பு. எம்.எஸ். பொறி நீளக் கோடாக ஓடி அணையும், கார்பன் கூடிய எஃகு மத்தாப்பூபோல் கிளை விட்டுச் சிதறும். இதை மட்டும் நம்ப வேண்டாம். விரல் அகலத் துண்டைக் காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, வைஸில் பாதி பிடித்து, மேலே சாக்கு போர்த்தி ஓர் அடி அடியுங்கள். வளைந்தால் இந்த வேலைக்கு ஆகாது. சாம்பல் நிற நைஸான மாவுபோல் முறிந்தால் நல்ல எஃகு. சர்க்கரைபோல் மின்னினால் எஃகு நல்லதுதான், நீங்கள் சூட்டை ஏற்றிவிட்டீர்கள்.

இனி அடிப்பது. ஆரஞ்சு நிறம் வந்ததும் எடுத்து, கடைசி 5 செ.மீ. நீளத்தை 3 மி.மீ. தடிமனுக்குச் சரித்து அடியுங்கள். மங்கல் சிவப்புக்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு உலைக்குத் திரும்புங்கள். அதற்குக் கீழே அடித்தால் உள்ளே விரிசல் விழும். நுனியிலிருந்து பொறி பறந்தால் எஃகு எரிந்துவிட்டது. அந்தப் பகுதியை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. சரிக்கும்போது நுனி மீன் வாய்போல் மடிந்து நிற்கும். அந்த மடிப்பை விட்டுவைத்தால் தோய்ச்சலில் (சிவந்த எஃகை எண்ணெயில் முக்கி இறுக்குவதில்) அதுவே பிளவாகும். ஆகவே கடைசி 4 மி.மீ. வெட்டிவிடுங்கள்.

பிறகு மூன்று முறை காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் கொண்டுபோய்க் காற்றில் ஆறவிடுங்கள். வெறும் வேலைபோலத் தெரியும். தவிர்த்தால் தோய்ச்சலில் முறியும் துண்டுகளில் அது தெரியவரும். விளிம்பைத் தோய்ச்சலுக்கு முன் கூராக்காமல் 1.5 மி.மீ. தடிமன் விட்டுவையுங்கள்.

தோய்ச்சலுக்கு நுனி 4 செ.மீ. மட்டும் காந்தம் விட்ட பிறகு இன்னும் ஒரு பங்கு சிவக்க வேண்டும், சுமார் 830 டிகிரி. நிழலில் நின்று நிறம் பாருங்கள். வெயிலில் சிவப்பு மங்கித் தெரியும், கூடுதலாகக் காய்ச்சிவிடுவீர்கள். 4 லிட்டர் கடலை எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 50 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கி, செங்குத்தாக இறக்கி மேலும் கீழும் அசையுங்கள். பக்கவாட்டில் அலசினால் கோணும். தண்ணீர் வேண்டாம், ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் கருவி போய்விட்டது. எண்ணெய் ஏனத்துக்குப் பொருந்திய தகரமூடி பக்கத்திலேயே இருக்கட்டும், தீப்பிடித்தால் மூடத்தான்.

இப்போது அரம் நுனியில் பிடிக்காமல் வழுக்க வேண்டும். இந்தப் பதத்திலேயே அடித்தால் நுனி சில்லு சில்லாகப் பறக்கும். நுனியை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, தண்டின் நடுவை சிவந்த இரும்புக்கட்டிமேல் வையுங்கள். நிறங்கள் நுனியை நோக்கி ஊர்ந்து வரும்: முதலில் வெளிர் வைக்கோல், அடுத்து பழுப்பு, பிறகு கத்தரிப்பூ, கடைசியில் நீலம். விளிம்பைக் கத்தரிப்பூ தொட்டதும், சுமார் 280 டிகிரியில், தண்ணீரில் முக்கி நிறுத்துங்கள். ஊர்வது கடைசியில் வேகமெடுக்கும், கண்ணை எடுக்காதீர்கள். அதன்பின் குளிர் இரும்பு வெட்ட 60 டிகிரி கோணத்தில் சாணை பிடியுங்கள், அவ்வப்போது நனைத்துக்கொண்டு. சூடான இரும்பு வெட்டுவதற்கானால் 30 டிகிரி போதும். அதற்குத் தோய்ச்சல் பெரிதல்ல, எப்படியும் வேலையில் பதம் இறங்கிவிடும்.

சுத்தியலுக்கு வண்டியின் ஆக்சில் (அச்சு) ராடு. 50 மி.மீ. விட்டத்தில் 7 செ.மீ. வெட்டினால் ஏறக்குறைய ஒரு கிலோ. கண்ணை, அதாவது பிடி நுழையும் துளையைச் சூட்டில் குத்துவது புதியவர்களுக்குக் கோணும். இரண்டு மூன்று துளை போட்டு, பிறகு சூட்டில் விரித்துக்கொள்ளுங்கள். இரு முகங்களையும் தோய்த்தபின் வெளிர் வைக்கோல் முதல் பழுப்பு நிறம் வரை பதம் இறக்குங்கள், கண்ணுக்குத் தோய்ச்சலே வேண்டாம்.

பால் பேரிங் வளையம், பழைய அரம் இரண்டும் ஆரம்பத்தில் வேண்டாம். ஒன்று சூடு கூடினால் பொடிந்துவிடும். மற்றொன்றின் பற்களை முழுதாகச் சாணை பிடித்து எடுக்காமல் அடித்தால் பல் தடமெல்லாம் மடிப்பாகும். பட்டடைக்கு (இரும்பை வைத்து அடிக்கும் அடிதளம்) தண்டவாளத் துண்டு நல்லது, படுக்கவைக்காமல் நிமிர்த்தி நடுங்கள், அடிக்கு நேர்கீழே அதிக எடை நிற்கும். ஆனால் ரசீதோடு வாங்குங்கள். ரயில்வே சொத்து என்று சந்தேகம் வந்தால் ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) 1966 சட்டத்தின்படி கணக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். துத்தநாகம் பூசிய குழாய், போல்ட் எதையும் உலையில் இடாதீர்கள், வெண்புகை காய்ச்சல் தரும்.

வெட்டிரும்பின் தலையைத் தோய்ச்சல் இல்லாமலேயே விடுங்கள். அடிபட்டு அது குடைபோல் விரியும்போதெல்லாம் விளிம்பைச் சாணையில் எடுத்துவிடுங்கள், அந்த விளிம்பிலிருந்து பறக்கும் சில்லுதான் கண்ணைத் தேடி வரும்.