‘எழிலி’ என்ற பெயரை எப்படிச் சொல்வது, ஏன் இவ்வளவு அரிது?

எழிலி என்றால் மேகம். திருக்குறளின் 17-ஆம் குறளில் ‘தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்’ என்று வருகிறதே, அந்த எழிலிதான். பேச்சில் மேகம் வந்து உட்கார்ந்துகொண்டதால் இந்தச் சொல் செய்யுளோடு நின்றுவிட்டது, முகில் மட்டும் முகிலன், கார்முகில் என்று பெயர்களில் தப்பிப் பிழைத்தது.

உச்சரிப்பு எல்லாம் அந்த ‘ழ’வில்தான். நாக்கு நுனியை மேலே வளைத்து, அண்ணத்தில் படாமல் காற்றை விட வேண்டும், பட்டுவிட்டால் அது ‘ள’. பினாங்குப் பாலத்துக்குக் கீழே கப்பல் போகிற மாதிரி, கிட்டத்தில் போகும், ஆனால் இடிக்காது.

பிறப்புப் பத்திரத்தில்தான் தலைவலி. மலேசியாவில் மலாய் எழுதும் ரூமியில், அதாவது ரோமன் எழுத்தில், ‘ழ’ கிடையாது, அதனால் நாம் இஸட், எச் இரண்டையும் சேர்த்துப் போடுகிறோம், ஆனால் மலாய் வாசிக்கிறவருக்கு இஸட் என்றால் இஸட்தான். என் அக்கா மகளை பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்கில் “எஸிலி! எஸிலி!” என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள், பிள்ளை தன் பெயர் என்றே தெரியாமல் மைலோ குடித்துக்கொண்டிருந்தாள். சரி, தமிழ் என்பதையே எல் போட்டுத்தானே எழுதுகிறோம் என்று இதற்கும் எல் போட்டால் ‘எலிலி’ ஆகிவிடும், பள்ளிக்கூடத்தில் ‘எலி’ என்று சுருக்க ரொம்ப நாள் ஆகாது. என்னைக் கேட்டால் இஸட் எச்சே மேல், வாயால் ஒரு தடவை திருத்தினால் போதும்.

அப்புறம், ‘எழில்’ என்பதன் பெண்பால்தான் எழிலி, அழகி என்று பொருள் எனப் பலர் நினைக்கிறார்கள், அகராதியைப் புரட்டினால் அங்கே இருப்பது மேகம்தான்.