அமெரிக்க அதிபர் வேட்பாளர் தன் துணை அதிபர் வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்?

முடிவு அதிபர் வேட்பாளருடையதுதான். கட்சி மாநாடு அதை ஆமோதிக்கும், அவ்வளவே. முதலில் தன்னிடம் என்ன குறை என்று பார்ப்பார். 1960-இல் கென்னடிக்குத் தென் மாநிலங்களில் பிடிப்புப் போதவில்லை, அதனால் கட்சிக்குள் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட லிண்டன் ஜான்சனையே சேர்த்துக்கொண்டார், ஜான்சனின் டெக்சாஸும் கைக்கு வந்தது. 2008-இல் ஒபாமா பைடனை எடுத்ததற்கு வெளியுறவு அனுபவம் பெரிய காரணம்.

அப்புறம் வக்கீல்கள் உட்கார்ந்து ஆளைத் துருவி எடுப்பார்கள்: வருமான வரிக் கணக்கு, மருத்துவப் பதிவு, பழைய பேச்சு, எல்லாம். இதில் அவசரம் கூடவே கூடாது. 1972-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கவர்ன் கடைசி நேரத்தில் செனட்டர் ஈகிள்டனைத் துணைக்கு அறிவித்தார். ஈகிள்டன் மனச்சோர்வுக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை எடுத்தது பிறகு வெளியே வர, 18 நாளில் விலக வேண்டியதாயிற்று. சிகிச்சை எடுத்ததற்காக ஒருவரை ஒதுக்கியது அநியாயம் என்றே நினைக்கிறேன், ஆனால் முன்கூட்டியே நிதானமாக விசாரித்திருந்தால் ஊரறிய அப்படி ஒரு அவமானம் அவருக்கு நேர்ந்திருக்காது.