கேளுங்கள் சொல்கிறோம்: ஏஐ எழுதிய புரோகிராமை அப்படியே ஓட்டலாமா?

கேள்வி: எங்கள் கோயில் கம்ப்யூட்டரில் பல வருடத் தைப்பூசக் காவடிப் படங்கள், ஆடிக் கூழ் படங்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் குவிந்து கிடக்கின்றன. தேதிவாரியாகப் பெயர் மாற்றி அடுக்க ஏஐயிடம் கேட்டேன், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக் கொடுத்தது. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. "வென்வ் போட்டு ஓட்டுங்க மாமா, ஒன்றும் ஆகாது" என்கிறான் அக்கா மகன். ஓட்டலாமா?
– கோயில் கமிட்டிப் பொருளாளர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: மருமகன் பாதிதான் சரி, ஐயா. வென்வ் என்பது ஒரு வேலைக்கான பைத்தான் பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதிவைத்த துணைப் புரோகிராம்களை, தனியாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு, அவ்வளவுதான், காவல் காக்கும் வேலை அதற்குக் கிடையாது. அதற்குள் ஓடுகிற புரோகிராமும் உங்கள் பெயரில்தான் ஓடுகிறது, அதனால் நீங்கள் திறக்கக்கூடிய, அழிக்கக்கூடிய எல்லாவற்றையும் அதுவும் திறக்கும், அழிக்கும். படிக்கத் தெரியாத புரோகிராம் நல்லதா கெட்டதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அது கெட்டுப்போனால் எதைத் தொட முடியும் என்று பாருங்கள், அதைக் குறைத்துவிடலாம்.

உங்கள் விஷயத்தில் வைரஸைவிட அஜாக்கிரதைதான் பயம். காவடி ஊர்வலத்தில் ஒரே நொடியில் இரண்டு படம் எடுத்திருப்பார்கள், இரண்டுக்கும் ஒரே பெயர் வரும். பைத்தானின் சாதாரண ரீநேம் கட்டளை மேக்கிலும் லினக்ஸிலும் சத்தமில்லாமல் முதல் படத்தின் மேல் இரண்டாவதை எழுதிவிடும், விண்டோஸில் பிழை காட்டிப் பாதியில் நிற்கும். புரோகிராம் அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது, போனது போனதுதான். அதனால் முதலில் எல்லாப் படங்களையும் வெளி டிஸ்கில் காப்பி எடுத்து, டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். ஒன்டிரைவில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அப்புறம் கொஞ்சம் படங்களை மட்டும் புது ஃபோல்டரில் போட்டு, "எதையும் மாற்றாதே, எதை எப்படி மாற்றப்போகிறாய் என்று திரையில் காட்டு" என்று ஏஐயிடமே கேட்டு, திருத்தி வாங்கி ஓட்டுங்கள்.

ஓட்டும் இடம்? விண்டோஸ் ப்ரோ என்றால் 'விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்' என்ற தனித்த சோதனை அறை கூடவே இருக்கிறது, ஆன் செய்தால் போதும். மூடியதும் உள்ளே நடந்தது எல்லாம் மறைந்துவிடும் (பைத்தானைக்கூட ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும், எரிச்சல்தான்). இன்டர்நெட் அதில் திறந்தே இருக்கும், செட்டிங் ஃபைலில் அடைக்க வேண்டும். ஹோம் எடிஷனில் இது கிடையாது, அங்கே அட்மின் அதிகாரம் இல்லாத தனி யூசர் ஒன்று உருவாக்கலாம், ஆனால் டி டிரைவில் வைத்தவை அந்த யூசருக்கும் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். மருமகனுக்கு டாக்கர் (புரோகிராமைத் தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் மென்பொருள்) தெரிந்தால் நெட்வொர்க்கை அடைத்து, அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் உள்ளே கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள், அது இன்னும் நல்லது.

'பிப் இன்ஸ்டால்' (இன்டர்நெட்டிலிருந்து பேக்கேஜை இறக்கிப் போடும் கட்டளை) என்று ஏஐ ஏதாவது சொன்னால் உடனே தட்டிவிட வேண்டாம். 16 ஏஐ மாடல்கள் எழுதிய 5,76,000 புரோகிராம்களைச் சோதித்த ஓர் ஆய்வில், அவை சொன்ன பேக்கேஜ்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று உலகத்திலேயே இல்லாதது. அந்தப் பொய்ப் பெயரில் எவனாவது விஷத்தை ஏற்றிவைத்தால், நாம்தான் கையால் வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். படத்தின் தேதியைப் படிக்க 'பில்லோ' என்ற பழைய, பிரபலமான பேக்கேஜ் போதும், வேறு பெயர் வந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கோயில் கம்ப்யூட்டர் என்றீர்கள். உறுப்பினர் பட்டியல், 13 இலக்க அடையாள எண்ணோடு, அதே கம்ப்யூட்டரில்தானே? 2021 ஜூலை 1 முதல் போப்பியா என்ற தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக அமலில் இருக்கிறது, கமிட்டிக்கும் பொறுப்பு உண்டு. அதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு ஓட்டுங்கள், ஏஐ சாட்டில் ஒட்டவே வேண்டாம்.

கேள்வி: ஏஐ எழுதிய புரோகிராமை இன்னொரு ஏஐயிடம் காட்டி "சரி" என்று வாங்கினால் போதாதா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: காட்டுங்கள், சில தப்புகள் மாட்டும். "சரி" என்று அது சொன்னாலும் காப்பி எடுப்பதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரில் தானே வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டுத் தொல்லை செய்ததால் 'எப்போதும் அனுமதி' அழுத்திவிட்டேன். தப்பா அண்ணா?
– கல்லூரி மாணவி, பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: சொந்த லேப்டாப்பில் நேரடியாக ஓட்டுகிறாய் என்றால் தப்புதான் தங்கச்சி, இன்றே எடுத்துவிடு. 2025 ஜூலையில் ரெப்ளிட் என்ற நிறுவனத்தின் புரோகிராம் எழுதும் ஏஜென்ட் ஒன்று, எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், ஓர் அமெரிக்கத் தொழில்முனைவோரின் டேட்டாபேஸை அழித்துவிட்டு, திரும்ப எடுக்க முடியாது என்றும் சொன்னது. அவர் எடுத்துப் பார்த்தார், வந்துவிட்டது! தொல்லையில்லாமல் ஓட்ட வேண்டுமென்றால் விர்ச்சுவல் மெஷினுக்குள் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு போலிக் கம்ப்யூட்டர்) ப்ராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் வைத்து, தொடங்குமுன் 'கிட்' என்ற, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருளில் அப்போதைய நிலையைச் சேமித்து (கமிட் செய்து), வெளியே ஒரு பிரதியும் அனுப்பிவிடு. வங்கி, கல்லூரி பாஸ்வேர்டு எதுவும் அந்த மெஷினில் இருக்கக் கூடாது.