‘பௌட்லரைஸ்’ என்றால் தணிக்கையா?

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். பழைய ஷேக்ஸ்பியர் பதிப்பு ஒன்றை ‘பௌட்லரைஸ்’ பண்ணியது என்று ரீச்சர் சொன்னாராம். பாடசாலைச் சஞ்சிகைக்குத் தமிழில் கட்டுரை எழுதுகிறாள். தணிக்கை என்று போடலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: போடாமல் இருப்பது நல்லது. தணிக்கை என்றதும் நமக்கு அரசாங்கம்தான் ஞாபகம் வரும். போர்க்காலத்தில், அதிகாரி வெட்டிய இடம் வெள்ளையாகவே அச்சாகி வந்த பத்திரிகைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். (தமிழ்நாட்டில் கணக்காய்வையும் தணிக்கை என்பார்கள்.) பௌட்லரைஸ் அப்படியல்ல. வாசிப்பவர் கெட்டுவிடுவார் என்று பதிப்பாசிரியரே ஆபாசம், தெய்வநிந்தனை என்று தனக்குப் படுவதை எடுத்துவிட்டு, வெட்டிய தடம் தெரியாமல் மிச்சத்தை ஒட்டிவிடுவது.

தோமஸ் பௌட்லர் ஓர் ஆங்கிலேய மருத்துவர். குடும்பத்தோடு உட்கார்ந்து சத்தமாக வாசிக்கக்கூடிய ஷேக்ஸ்பியர் என்று 1807இல் 20 நாடகங்கள் வந்தன, யார் பெயரும் இல்லாமல். அந்த வேலையைச் செய்தவர் அவருடைய சகோதரி ஹென்றியெற்றா. 1818இல் அதுவே பத்துத் தொகுதிகளாக விரிந்தபோது முகப்பில் தோமஸின் பெயர்தான் இருந்தது. அவர் இறந்து 11 வருடம் கழித்து, 1836இல், அந்தப் பெயரே வினைச்சொல்லாக அச்சில் வந்துவிட்டது.

இப்படிக் கத்தரித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் ஓர் இடத்தைப் பாருங்கள். கொலைக்குத் துணைபோன மக்பெத் சீமாட்டி தூக்கத்தில் நடந்து, கையைத் தேய்த்துத் தேய்த்து, ‘போ, சபிக்கப்பட்ட கறையே’ என்கிறாள். 1865இல் தோமஸ் புல்பின்ச்சும் ஸ்டீபன் புல்பின்ச்சும் கொண்டுவந்த பதிப்பில் அது ‘செந்நிறக் கறை’ (இதைப் பௌட்லர் தலையில் கட்டுவார்கள், ஆனால் செய்தவர் அவர் அல்ல). ஒரு சொல்தானே என்று விட முடியாது. அடுத்த மூச்சிலேயே நரகம் இருண்டு கிடக்கிறது என்று நடுங்குகிறவள் அவள். சாபத்தை எடுத்தால் அந்தப் பயத்துக்கு வேர் இல்லை, வெறும் நிறம்தான் மிஞ்சுகிறது.  நீக்கியது போதாதென்று சேர்த்த அந்தச் ‘செந்நிறம்’ ஷேக்ஸ்பியருடையதா? எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். இன்று இந்தச் சொல்லைப் பெரும்பாலும் குறையாகத்தான் சொல்வார்கள், ‘சிறுவர் பதிப்பு என்று கதையையே பௌட்லரைஸ் செய்துவிட்டார்கள்’ என்பதுபோல. மகள் முதல் தடவை ‘பௌட்லரைஸ்’ என்றே எழுதி ஒரு வரியில் விளக்கட்டும், அப்புறம் ‘கத்தரித்த பதிப்பு’ என்று தொடரலாம். எந்த வரி எப்படி மாறியது என்பதையும் கட்டாயம் காட்டச் சொல்லுங்கள்.