பதில்: பரிசோதனை செய்யப்படாத மரணத்துக்கு என்ன காரணம் எழுதுவது?

வணக்கம். 2021 மே மாதம் வீட்டிலேயே இறந்த முதியவரின் குடும்பத்தார் "மாரடைப்பு" என்று மட்டுமே சொல்கிறார்கள், கொரோனா பரிசோதனையும் செய்யப்படவில்லை, வீடு வீடாகப் போய் இறப்பு விவரம் கேட்டு எழுதும் ஆய்வுப் படிவத்தில் காரணமாக எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். காரணத்தைத் தீர்மானிப்பது களப்பணியாளரான உங்கள் வேலை அல்ல, படிவத்தைப் படிக்கும் மருத்துவரின் வேலை. இறந்தவர்களின் வீட்டாரிடம் விசாரித்து இறப்புக் காரணங்களைக் கண்டறிய இந்தியாவில் நடந்த 'பத்து லட்சம் மரணங்கள்' என்ற பெரிய ஆய்விலும், களப்பணியாளர் எழுதி வந்த விவரத்தை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்தே காரணத்தைக் குறித்தார்கள்.

ஆகவே "மாரடைப்பு" என்பதை அவர்கள் சொன்னபடியே எழுதிவிட்டு, கடைசி நாட்களை வரிசையாகக் கேளுங்கள். காய்ச்சல் எப்போது தொடங்கியது, மூச்சுத்திணறல் அதற்கு எத்தனை நாள் கழித்து வந்தது, சாப்பாட்டில் ருசியோ வாசனையோ தெரியவில்லை என்றாரா, வீட்டில் வேறு யாருக்கும் காய்ச்சல் இருந்ததா என்பவை முக்கியம். நெஞ்சுவலி வந்து சில மணி நேரத்தில் இறந்தவரையும், ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து மூச்சு வாங்கி இறந்தவரையும் பிரித்துக் காட்டுவது இந்தக் கால வரிசைதான். இவற்றை வீட்டுத் தலைவரைவிட, பக்கத்தில் இருந்து கஞ்சி கொடுத்த மனைவியோ மருமகளோ தெளிவாகச் சொல்வார்கள். அவர்களைத் தனியே உட்காரவைத்துப் பேசுங்கள்.

தயவுசெய்து முதலிலேயே "கொரோனாவா?" என்று கேட்காதீர்கள். ஊர் ஒதுக்கிவிடும் என்ற பயம் ஒருபுறமும், அரசு அறிவித்த 50,000 ரூபாய் நிவாரணம் குறித்த எதிர்பார்ப்பு மறுபுறமும் பதிலை மாற்றிவிடக்கூடும். அவர்கள் அழுதால் நிறுத்திவிட்டு, இன்னொரு நாள் போங்கள்.