அறுபது புளியங்கொட்டை

அன்பின் அண்ணா,

பரந்தனில் இருந்து எழுதுகிறேன். வயல் செய்கிறேன். கனடாவில் இருந்து வந்து நின்ற மச்சான் ஒருவர் எங்களுக்கு ஹோல்டெம் போக்கர் (ஆளுக்கு இரண்டு மறைத்த கடதாசி, மேசையில் ஐந்து பொதுக் கடதாசி) பழக்கிவிட்டுப் போனார். சனிக்கிழமை இரவுகளில் ஆறு பேர் விளையாடுகிறோம். சிப்ஸ் இல்லை. புளியங்கொட்டை ஒன்று நூறு ரூபா, மஞ்சாடி விதை ஒன்று ஐம்பது. பிளைன்ட் (ஆட்டம் தொடங்க முன் இரண்டு பேர் கட்டாயமாக வைப்பது) 50, 100.

போன கிழமை எனக்கு ஆட்டின் (ஹார்ட்) ஏஸ், கிளாவர் கிங். முதல் ஆளாக இருந்த மாஸ்டர் (ஓய்வுபெற்ற ஆசிரியர், அமைதியான மனுஷன்) நூறு வைத்தார். கடைசி ஆளான நான் 500 ஆக்கினேன். அவர் மட்டும் வந்தார். ஃப்ளொப்பில் (முதலில் திறக்கிற மூன்று பொதுக் கடதாசி) இஸ்பேட் ஏஸ், டயமன் ஒன்பது, இஸ்பேட் நாலு. அவர் செக் (கட்டாமல் விட்டார்), நான் 700, அவர் கோல் (அதே அளவு போட்டார்). டேர்ன் (நாலாவது கடதாசி) கிளாவர் ஏழு. அவர் செக், நான் 1,700, அவர் கோல். ரிவர் (ஐந்தாவது, கடைசி) ஆட்டின் ஏழு. இரவு முழுக்கத் தானாக 300க்கு மேல் கட்டாத மாஸ்டர், இரண்டு கையாலும் அறுபது கொட்டையைத் தள்ளினார். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. பார்த்தே தீர வேணும் போல் இருந்தது. கோல் என்றுவிட்டேன். ஏஸும் ஒன்பதும் காட்டினார்: அவருக்கு ஏஸ், ஒன்பது சோடிகள், எனக்கு ஏஸ், ஏழு சோடிகள். அந்த இரவில் மொத்தம் 18,000 போனது. தண்ணிப் பம்பி திருத்த வைத்திருந்த காசு அது.

ஒருவர் நல்ல கை இல்லாமலே பெரிதாகக் கட்டி மிரட்டுகிறாரா என்று முகத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய கட்டுக்குப் பாதித் தடவையாவது கோல் பண்ணாவிட்டால் எல்லோரும் ஏறி மிதிப்பார்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், சரியா? போக்கர் அதிர்ஷ்டமா, திறமையா?

வி., பரந்தன்

அன்பின் வி.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு இரவுக்கு அதிர்ஷ்டம், ஒரு வருடத்துக்குத் திறமை. அதில் கதைக்க வேறு ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது கேள்விகள் அல்ல, ‘பார்த்தே தீர வேணும் போல் இருந்தது’ என்ற வரி. சில காலமாக என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம் இது. எங்கள் ஆட்களில் பலர் கோல் என்று சொல்வதே இல்லை, ‘பாப்பம்’ என்றுதான் சொல்வார்கள். பெரிய கட்டுகளில் காசு போவது அந்தச் சொல்லால்தான். கோல் என்பது ஒரு கொள்முதல், தம்பி. நீங்கள் 6,000 ரூபா கொடுத்து வாங்கியது மாஸ்டரின் இரண்டு கடதாசியைப் பார்க்கும் உரிமையை. அவர் மேசையில் வைத்த விலைக்கு உங்கள் கையில் இருந்த சரக்கு பெறுமா என்று நீங்கள் கணக்குப் பார்க்கவே இல்லை. கடிதம் முழுக்க மாஸ்டரின் முகம் இருக்கிறது. பொட்டில் (மேசையில் சேர்ந்த மொத்தக் காசில்) எவ்வளவு இருந்தது என்று ஒரு இடத்திலும் இல்லை.

அதை நான் கூட்டிப் பார்த்தேன். முதல் சுற்றில் நீங்கள் இருவரும் ஐந்நூறு ஐந்நூறு, விட்டுப்போன பிளைன்ட் 150. ஆக 1,150. ஃப்ளொப்பில் இரண்டு 700 சேர 2,550. டேர்னில் இரண்டு 1,700 சேர 5,950. நேரில் விளையாடும்போது இதைத் திரை காட்டாது, ஒவ்வொரு சுற்று முடியவும் நீங்கள்தான் மனதில் கூட்டி வைக்க வேணும். ரிவரில் கூட்டத் தொடங்கினால் பதற்றத்தில் பிழைக்கும். புளியங்கொட்டைக் குவியல் கண்ணையும் ஏமாற்றும். அறுபது கொட்டை இரண்டு கை கொள்ளும் ஒரு குவியல்தான், பார்வைக்கு முப்பது போலவும் இருக்கும். கட்டுகிறவர் பத்துப் பத்தாகப் பிரித்து வைக்க வேணும் என்று உங்கள் மேசையில் சட்டம் போடுங்கள்.

மாஸ்டர் 6,000 கட்டினார். நீங்களும் 6,000 போட்டால் மொத்தம் 17,950. அதில் உங்கள் பங்கு 33.4 சதவீதம். அதாவது இப்படியான இடத்தில் மூன்று தடவை கோல் பண்ணினால் ஒரு தடவையாவது வெல்ல வேணும், அதற்குக் குறைந்தால் நட்டம். பொட்டின் பாதியைக் கட்டினால் நாலில் ஒன்று போதும். பொட்டைப்போல் இரண்டு மடங்கு கட்டினால் ஐந்தில் இரண்டு வேணும். இந்த மூன்றையும் பாடமாக்கி வைத்தால் இடைப்பட்ட அளவுகளுக்கு மனக்கணக்குப் போதும்.

இனி, மூன்றில் ஒன்று கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கடதாசியை நிறத்தோடு எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய உதவி.

உங்களை வெல்லக்கூடிய கைகளை எண்ணுவோம். ஒன்பது-ஒன்பது மூன்று விதமாக வரலாம், ஏனென்றால் ஒரு ஒன்பது மேசையில் கிடக்கிறது. நாலு-நாலும் அப்படியே மூன்று விதம். ஏழு-ஏழு ஒரேயொரு விதம். ஏஸ்-ஏழு: மிச்சம் உள்ள ஏஸ் இரண்டு, ஏழு இரண்டு, ஆக நாலு விதம். ஏஸ்-ஒன்பது: ஏஸ் இரண்டு, ஒன்பது மூன்று, ஆக ஆறு விதம். இஸ்பேட்டில் ஒன்பது-ஏழு, எட்டு-ஏழு, ஏழு-ஆறு என்று இன்னும் மூன்று. எல்லாம் சேர்த்து இருபது. ஏஸ்-நாலை நான் இதில் சேர்க்கவில்லை. டேர்ன் வரைக்கும் அது உங்களை வென்று நின்ற கை. ரிவரில் இரண்டாவது ஏழு விழுந்ததும் அந்த நாலுச் சோடி செத்துவிட்டது. இருவருக்கும் ஏஸ் சோடி, ஏழு சோடி, பக்கத்தில் உங்களுக்குக் கிங், அவருக்கு ஒன்பது. இதைக் கவனிக்காமல் அந்த ஏழைக் கண்டு பயப்படுகிறவர்களும் உண்டு.

மிரட்டக்கூடிய கைகள் எவை? கையில் இஸ்பேட் இரண்டு, மேசையில் இரண்டு என்று வைத்துக்கொண்டு, ஐந்தாவது இஸ்பேட் விழாதா என்று காத்திருந்து ஏமாந்தவை. கிங்-குயீன், கிங்-ஜாக், கிங்-பத்து, குயீன்-ஜாக், குயீன்-பத்து, ஜாக்-பத்து, ஜாக்-எட்டு, பத்து-எட்டு, எட்டு-ஆறு, ஆறு-ஐந்து. மாஸ்டர் நூறு ரூபாவுக்கு உள்ளே வரக்கூடியவை பத்து என்று வைப்போம். உங்கள் கிங் கிளாவர் என்பதால் பத்தும் உயிரோடு இருக்கின்றன. அது இஸ்பேட் கிங்காக இருந்திருந்தால் முதல் மூன்றும் அவரிடம் இருக்க வழியே இல்லை, மிச்சம் ஏழு.

இருபதுக்குப் பத்து. முப்பதில் பத்து என்றால் சரியாக மூன்றில் ஒன்று. அதாவது, ஏமாந்த அந்தப் பத்துக் கையையும் ஒன்று விடாமல், ஒவ்வொரு முறையும், மாஸ்டர் 6,000 கட்டி மிரட்டுகிறவராக இருந்தால்தான் உங்கள் கோல் சமனுக்கு வரும். அப்படியும் லாபம் இல்லை. இப்போது நீங்களே எழுதியதை வாசியுங்கள்: ‘இரவு முழுக்கத் தானாக 300க்கு மேல் கட்டாத மாஸ்டர்.’ இப்படிப்பட்டவர் இஸ்பேட் விழாவிட்டால் என்ன செய்வார்? செக் பண்ணிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். பத்தில் இரண்டு தடவை துணிவார் என்றே தாராளமாக வைப்போம். இருபத்திரண்டில் இரண்டு, ஒன்பது சதவீதம். அந்த விலைக்கு நீங்கள் சொன்ன ஒவ்வொரு ‘பாப்ப’த்துக்கும் சராசரியாக 4,370 ரூபா போகிறது. அவரிடம் நீங்கள் வெல்லக்கூடிய ஏஸ்-குயீன், ஏஸ்-ஜாக் இருக்கலாமே என்பீர்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் கைகளோடு அறுபது கொட்டை தள்ளுகிற ஆள் அல்ல அவர், அவை வந்தால் செக்தான்.

உங்கள் ஊரில் 304 என்ற கடதாசி ஆட்டம் விளையாடாத வீடு குறைவு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10 என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். எந்த ஜாக் போனது, எந்த ஒன்பது இன்னும் வெளியே நிற்கிறது என்று 32 கடதாசியையும் மனதில் வைத்து விளையாடுகிற அதே ஆட்கள், ஹோல்டெம் என்றதும் எண்ணுவதை விட்டுவிட்டு எதிராளியின் மூக்கையும் கண்ணையும் ஆராய்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிற விஷயம். எண்ணத் தெரியாதவன் முகம் பார்க்கட்டும். உங்களுக்கு எண்ணத் தெரியும்.

இன்னும் ஒன்று சொல்ல வேணும், இதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன். மாஸ்டர் ஏஸ்-ஒன்பதைக் காட்டியதால் உங்கள் கோல் பிழையாகவில்லை. அவர் இஸ்பேட் கிங்-குயீனைக் காட்டி, நீங்கள் 17,950ஐயும் அள்ளியிருந்தாலும் அது பிழையான கோல்தான். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் இதை விளங்காதவர் எத்தனை வருடம் விளையாடினாலும் ஒன்றும் பழக மாட்டார், ஏனென்றால் பிழையான கோல் ஒன்று வென்றுவிட்டால் அதையே பாடமாக எடுத்துக்கொள்வார். நீங்கள் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர். சிறுபோகக் கூட்டத்தில் என்ன நடக்கிறது? குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, அதற்குள் அடங்குகிற ஏக்கருக்குத்தான் தண்ணீர் என்று தீர்மானிக்கிறார்கள். பிறகு எதிர்பாராத ஒரு மழை கொட்டி, கனகராயன் ஆறு பெருகி வந்தாலும் அந்தத் தீர்மானம் பிழை என்று ஆகாது. அன்றைக்குக் கையில் இருந்த அளவு அதுதான். அளவைப் பார்க்காமல் எல்லா ஏக்கருக்கும் விதைத்த ஒருவரை மழை காப்பாற்றினால், அவரை நல்ல விவசாயி என்று நீங்கள் சொல்வீர்களா? மேசையில் மட்டும் ஏன் வேறு நியாயம்? கடதாசியைத் திருப்பிக் காட்டுவதற்கு முன்னரே உங்கள் தீர்மானம் சரியா பிழையா என்பது முடிந்துவிட்டது. மாஸ்டர் காட்டியது அவருடைய கையை மட்டும்தான்.

இதை நம்பாததால்தான் ஃபோல்ட் பண்ணின (கையைக் கீழே வைத்த) பிறகு பலர் ‘காட்டுங்கோ, காட்டுங்கோ’ என்று கெஞ்சுகிறார்கள். காட்டினால் பத்தில் ஒரு தடவை மிரட்டலாகத்தான் இருக்கும். அந்த ஒன்று நெஞ்சில் முள்ளாக நின்று அடுத்த ஐந்து பெரிய கட்டுக்குக் கோல் சொல்ல வைக்கும். கேட்காதீர்கள்.

வீடியோவில் சொன்ன பாதிக் கணக்கு, பொட் அளவுக்குச் சரியான விகிதத்தில் மிரட்டத் தெரிந்தவர்களுக்கு எதிரே சரி. பொட் அளவுக்குக் கட்டுகிற மிரட்டல், இரண்டில் ஒரு தடவை நீங்கள் கீழே வைத்தாலே அவருக்குச் சமனாகிவிடும் என்பதில் இருந்து வந்த கணக்கு அது. மாஸ்டர் மிரட்டுவதே இல்லை. உங்களை ஏறி மிதிக்க அங்கே யாரும் வரவில்லை.

முகத்தைப் பற்றிச் சுருக்கமாக. கொட்டையைத் தள்ளும்போது கை நடுங்கினால் பெரும்பாலும் அது பயம் அல்ல, நல்ல கை வந்த படபடப்பு. மற்றபடி முகத்தை விடுங்கள், கட்டின அளவைப் பாருங்கள். 300க்கு மேல் போகாத ஒருவர் 6,000 கட்டியதைவிடப் பெரிய அடையாளம் எந்த முகத்திலும் இல்லை. உங்கள் வாய் முந்துகிறது, அதையும் திருத்த வேணும். ஒழுங்கான மேசைகளில் உங்கள் முறை வந்து வாயால் சொன்ன கோல் சொன்னதுதான், திரும்பப் பெற முடியாது. பெரிய கட்டு வந்தால் கையைக் கொட்டையில் இருந்து எடுத்துத் துடையில் வையுங்கள். பொட்டைச் சொல்லிக்கொள்ளுங்கள், பங்கைச் சொல்லிக்கொள்ளுங்கள், வெல்கிற கைகளையும் ஏமாந்த கைகளையும் எண்ணுங்கள், இந்த ஆள் ஏமாந்த கையோடு எத்தனை தரம் கட்டியிருக்கிறார் என்று யோசியுங்கள். ஒரு நிமிடம் போதும். யாரும் கோபிக்க மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

பம்பிக் காசை எடுத்துக்கொண்டு போனதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆட்டத்தில் நீங்கள் போட்டது 500, 700, 1,700, 6,000, ஆக 8,900. மீதி 9,100 எப்படிப் போனது என்று நீங்கள் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. பம்பி திருத்த வேண்டிய காசைத் தோற்றவன் அதை இரவே மீட்கத்தான் பார்ப்பான், மீட்கப் பார்ப்பவனுக்கு எல்லாக் கட்டும் மிரட்டலாகத்தான் தெரியும். உங்கள் பிளைன்டுக்கு நூறு கொட்டை, 10,000, ஒரு இரவுக்குத் தாராளம். அதுவும் போனால் பசளைக்கோ எண்ணெய்க்கோ தட்டுப்பாடு வராத காசாக இருக்க வேணும். அது இல்லாவிட்டால் கொட்டைக்குக் கொட்டை என்று வெறுமனே விளையாடுங்கள். நான் மேலே சொன்ன எண்ணிக்கை ஒன்றும் அதனால் மாறாது. முதலில் பம்பியைத் திருத்துங்கள்.

அந்த இடத்தில் எப்போதும் ஃபோல்ட்தான் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மாஸ்டரின் இடத்தில், இஸ்பேட் ஏமாந்தால் சும்மா இருக்க முடியாத ஒரு இளம்பொடியன் இருந்து, பத்தில் பத்தும் தள்ளுவான், ஏஸ்-ஜாக்குக்கும் தள்ளுவான் என்றால் கோல்தான். மாஸ்டரே அறுபதுக்குப் பதில் இருபது கொட்டை கட்டியிருந்தால்? 2,000 போட்டு மொத்தம் 9,950, பங்கு ஐந்தில் ஒன்று. அந்த அளவுக்கு அவர் ஏஸ்-குயீனோடும் ஏஸ்-ஜாக்கோடும் வருவார், அவை ஒவ்வொன்றும் எட்டு விதம். அந்தப் பதினாறில் பாதியைச் சேர்த்தாலே இருபத்தெட்டில் எட்டு. இருபது கொட்டைக்கு முகத்தைப் பார்க்காமலே கோல் சொல்லலாம்.