உறைந்துபோன டின்களைக் குடிக்கலாமா?

கேள்வி: என் மகள் கனடாவில் வினிபெக் நகரில் படிக்கிறாள். நான்கு பிள்ளைகள் சேர்ந்து வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மலிவு விற்பனையில் இரண்டு பெட்டி கேஸ் பானம் வாங்கி, சமையலறையில் இடமில்லையென்று கார் கொட்டகையில் அடுக்கி வைத்தார்களாம். போன வாரக் குளிரில் ஆறு டின் வெடித்துவிட்டது. மீதி டின்கள் மேலும் கீழும் உப்பிக்கொண்டு நிற்கின்றன. "ஒண்ணும் ஆகாதும்மா, குடிக்கலாம்" என்கிறாள். உப்பிய டின்னைத் தொடாதே என்று சொல்லித்தானே வளர்த்தேன்? கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
— ஒரு தாயார், பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: நம் ஊரில் யாருக்கும் வராத பிரச்சினை அம்மா. மலேசியாவில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், 1978 பிப்ரவரியில் கேமரன் மலையில். அந்தக் குளிரில்கூட டின் உறையாது. வினிபெக்கில் ஜனவரி இரவு மைனஸ் 25 என்பது அபூர்வமே இல்லை. சூடேற்றாத கொட்டகை அங்கே ஒரு பெரிய பிரீசர் மாதிரிதான்.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லி வளர்த்தது சரி. ஆனால் அது சார்டின், கறி டின்களுக்குச் சொன்னது. அவை உப்பினால் உள்ளே கிருமி வளர்ந்து வாயு உண்டாக்கியிருக்கலாம். தூக்கிப் போட வேண்டும். மகளின் டின்களை உப்ப வைத்தது பனிக்கட்டி. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருக்கும். அங்கே விற்கும் 355 மில்லி டின்னுக்கு அது இரண்டு மேசைக்கரண்டி அளவு. டின்னுக்குள் அவ்வளவு காலியிடம் கிடையாது. போதாததற்கு, உறையும் தண்ணீர் தனக்குள் கரைந்திருந்த வாயுவையும் வெளியே தள்ளுகிறது. தகரம் எவ்வளவுதான் தாங்கும்?

ஆக, உறைந்ததால் பானம் கெட்டுப்போகவில்லை. டின் இன்னும் மூடித்தான் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கீறல் விட்ட டின்னைக்கூட உள்ளே இருக்கும் பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருக்கும். பார்த்தால் நல்ல டின் போலவே தெரியும், உருகிய பிறகுதான் ஒழுகும். அதனால் மீதி டின்களை ஒரு வாளியிலோ பேசினிலோ நிற்க வைத்து, பிரிட்ஜுக்குள் மெதுவாக உருக விடச் சொல்லுங்கள். சுடுதண்ணீரில் போடக் கூடாது, குலுக்கக் கூடாது, பாதி உறைந்திருக்கும்போது திறக்கவும் கூடாது, முகத்தில் அடிக்கும். முழுக்க உருகியதும் ஒவ்வொன்றையும் துடைத்து, ஒரு காகிதத்தின் மேல் கவிழ்த்து வைக்கட்டும். காகிதம் நனைந்தால், அல்லது டின்னின் விளிம்பு பிசுபிசுத்தால், அது குப்பைக்கு. காய்ந்தே இருந்தால் குடிக்கலாம். ருசி கொஞ்சம் மட்டமாக இருக்கலாம், அவ்வளவுதான். கண்ணாடிப் போத்தலுக்கு இந்தச் சலுகை கிடையாது. மயிரிழை விரிசல் தெரிந்தாலோ மூடி தூக்கிக்கொண்டிருந்தாலோ யோசிக்காமல் எறியுங்கள். கண்ணாடித் துகளை வடிகட்டிக் குடிக்கிற வேலை வேண்டாம்.

எல்லாப் பானமும் ஒரே நேரத்தில் உறைவதில்லை. சர்க்கரை இல்லாத டயட் பானம் பூஜ்யத்தை ஒட்டியே உறைந்துவிடும், சர்க்கரை பானம் அதற்குச் சற்றுக் கீழே. பீர் ஏறக்குறைய மைனஸ் 2, ஒயின் மைனஸ் 5 அல்லது 6. நாற்பது விழுக்காட்டு விஸ்கி மைனஸ் 27 வரை தாக்குப்பிடிக்கும். பிள்ளைகள் அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. பெட்டித் தேங்காய்ப்பால் உறைந்து திரிந்தாலும், பெட்டி உப்பாமல் ஒழுகாமல் இருந்தால் குழம்புக்கு ஆகும். சோயா பால் மணல் மணலாகிவிடும்.

பணம்? வாய்ப்பில்லை என்றே நினைக்கிறேன். கடை நல்ல சரக்கைத்தான் கொடுத்தது, வைத்த இடம்தான் தப்பு. வீட்டுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிய சரக்கு வாசலில் உறைந்தே வந்திருந்தால் கதை வேறு. அப்போது பெட்டியைப் பிரிக்காமல் படமெடுத்து, அன்றைக்கே விற்றவரிடம் சொல்ல வேண்டும். இனி கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் ஓய்வு பெற்ற பணத்தில் புது பிரிட்ஜ் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. கீழ்த்தட்டில் வைக்கும் தண்ணீரும் டின் பானமும் உறைந்துவிடுகின்றன. முட்டையும் வெடிக்கிறது. கடைக்காரர், "குளிர் நாட்டுக்குப் போன மாதிரி நினைச்சுக்குங்க" என்று சிரிக்கிறார்.
— ஒரு வாசகர், இஜோக்

பதில்: அவர் சிரிக்கட்டும் ஐயா, நீங்கள் திருகியைப் பாருங்கள். 1 முதல் 5 வரை எண் போட்ட திருகியில், பெரும்பாலான பிரிட்ஜுகளில் எண் கூடக் கூடத்தான் குளிர் கூடும். 5-ஐ 5 டிகிரி என்று நினைத்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நானும் அப்படி வைத்து ஒரு தீபாவளிக்கு முறுக்கு மாவையே கட்டியாக்கியிருக்கிறேன். 2-க்குக் குறைத்து, டின்களைப் பின்சுவரிலிருந்தும் குளிர்காற்று வரும் துளையிலிருந்தும் நகர்த்தி வைத்து, ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

அப்புறமும் உறைந்தால் பொருளில்தான் கோளாறு. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டியது விற்றவரின் பொறுப்பு. "தயாரிப்பாளரிடம் போங்கள்" என்று அவர் கை கழுவ முடியாது. ரசீது, உத்தரவாத அட்டை, உறைந்த டின்னின் படம், தேதியோடு எழுதிய கடிதம், இவை போதும். பழுது பார்க்க அவருக்கு நியாயமான ஓர் அவகாசம் கொடுங்கள். நடக்கவில்லையென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு போடலாம். 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: இது வீட்டுக்கு வாங்கிய பொருளுக்கு. மளிகைக் கடைக்கு வாங்கிய பெரிய கண்ணாடிக் கூலருக்கு இந்த வழி திறக்காது.

கேள்வி: பிரீசரில் வைத்த தண்ணீர்ப் போத்தல் தண்ணீராகவே இருந்தது. எடுத்து மேசையில் தட்டியதும் கண் முன்னால் உறைந்துவிட்டது! குடிக்கலாமா?
— ஒரு மாணவி, பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: தாராளமாக. பனி பிடிக்க ஏதாவது ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். சுத்தமான தண்ணீர் அசையாமல் கிடந்தால் பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாமல் காத்திருக்கும். நீ தட்டியதும் தொடக்கம் கிடைத்துவிட்டது. உன் பாட்டி பக்கத்தில் இருந்திருந்தால் திருநீறு பூசியிருப்பார். கண்ணாடிப் போத்தலில் மட்டும் இந்த வித்தையைச் செய்து பார்க்காதே.